டேனர் என்கிற பேரன்

என் தம்பி பாண்டி எங்கள் அப்பாவை ஒளித்து வைத்திருக்கிறான். அறையில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறான் என்று சொல்லவில்லை. மதுரை கே.கே. நகரில் அவன் வீட்டு ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே அப்பாவுக்கு நாற்காலி போட்டிருக்கிறான். வேளைக்குச் சோறு போகிறது. டிவி ரிமோட்கூட அவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் அவர் என்ன வேலை பார்த்தார் என்பதை ரொம்ப காலமாக ஒளித்தான். இப்போது அவர் பேரையும் ஒளித்துவிட்டான். இதைச் சொன்னதற்கு நான் கெட்டவள் ஆகிவிட்டேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற போன் குரூப்பில் 'அக்கா ஃபங்ஷனை அசிங்கப்படுத்திட்டா, எல்லாருக்கும் பதில் சொல்லணும்' என்று போட்டிருக்கிறான். சரி, இதுதான் பதில். ஊரில் இருக்கிறவர்களும் படிக்கட்டும். என்னைப் போலப் பிழைக்க வந்து கண்ட ஊரில் கிடக்கிறவர்களும் படிக்கட்டும்.

நான் இருப்பது இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். முதியோர் இல்லத்தில் வேலை. படுத்திருப்பவர்களைத் திருப்பிப் போடுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது. இங்கே வந்த புதிதில் எனக்குக் குளிர்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெண் வெளியே வந்து, "மிஸ் சோலைமலை" என்று கூப்பிட்டாளே, அதுதான் தூக்கிப் போட்டது. அப்பா எங்கே இங்கே வந்தார் என்று ஒரு நொடி சுற்றிப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, பாஸ்போர்ட்டில் குடும்பப் பேர் கேட்ட இடத்தில் நம் ஆட்கள் எல்லாரையும் போல நானும் அப்பா பேரை எழுதியிருக்கிறேன் என்று. அன்றிலிருந்து முத்துமாரி என்கிற என் பேர் பாதிச் செத்துவிட்டது. இங்கே நான் சோலைமலை. பாங்கில் சோலைமலை, தபாலில் சோலைமலை, என் சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் சோலைமலை. நாக்கு வளையாத கிழவிகள் சாலமன் என்பார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் சோலோ என்பார்கள். எப்படிச் சொன்னால் என்ன, ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது யாரோ ஒரு வெள்ளைக்காரர் எங்கள் அப்பாவை மரியாதையாகக் கூப்பிடுகிறார்.

மதுரையில் ஒருத்தரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பொதுக் குழாயும் பொதுக் கக்கூசும் இருந்த ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். அப்பா பிறந்தது எழுமலைப் பக்கம். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத குடும்பம். அடுத்தவர் காட்டில் களை எடுத்து, கருது அறுத்துப் பிழைத்தவர்கள். அங்கே அவரை 'ஏய்' என்பார்கள், 'டேய்' என்பார்கள், வயசு வித்தியாசம் பார்க்க மாட்டார்கள். அது பொறுக்காமல்தான் இளவயதிலேயே கிளம்பி, திண்டுக்கல்லில் தோல் பதனிடும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அதைத் தோல்ஷாப்பு என்பார்கள். ஆடு மாடு உரித்த பச்சைத் தோல் வரும். அதைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு, முடியைச் சுரண்டி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டு மிதித்து எடுக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் போவார், சனிக்கிழமை சாயங்காலம் வருவார். எங்கள் காம்பவுண்டில் அவர் 'தோல்ஷாப்பு அண்ணே'. எங்கள் வீடு 'தோல்ஷாப்புக்காரர் வீடு'. நான் தோல்ஷாப்புக்காரர் மகள்.

அம்மா சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். புருசன் பேரைச் சொல்லாத ஆள் அவர். ரேஷன் கடையில் "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டால், "அழகர்கோவிலுக்கு மேல முருகன் இருக்காருல்ல, அந்த மலை" என்பார். கடைக்காரர் வேண்டுமென்றே, "எந்த மலைம்மா? ஆனைமலையா, நாகமலையா?" என்று இழுப்பார். அம்மா தலையை ஆட்டி, "பழம் உதிருமே, அந்த மலைங்க" என்பார். வரிசையே சிரிக்கும். நான் வெட்கப்பட்டுக்கொண்டு, "சோலைமலைங்க" என்று கத்துவேன். நினைத்துப் பார்த்தால், அந்த ஊரில் அப்பா பேரைச் சத்தமாகச் சொன்ன ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது. அதுவும் ரேஷன் கடையில், மண்ணெண்ணெய் டின்னைப் பிடித்துக்கொண்டு.

சனிக்கிழமை சாயங்காலத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. திண்டுக்கல் பஸ் வந்து நிற்கும். அப்பா கடைசி ஆளாக இறங்குவார். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் அவர் பக்கத்துச் சீட்டு காலியாகவே வரும். கையில் ஒரு மஞ்சப்பை. அதில் பன்னீர்த் திராட்சை. அம்மா வாசலில் வெந்நீர் கொதிக்க வைத்திருப்பார். அவர் குளித்து முடிக்கும் வரை பொறுக்காமல் நான் பையைப் பிரித்துவிடுவேன். அந்தத் திராட்சையை முகர்ந்தால் முதலில் பழ வாசனை வரும், அதற்கு அடியில் அப்பாவின் தோல்ஷாப்பு வாடை வரும். இரண்டும் சேர்ந்ததுதான் எனக்குத் திராட்சை. இங்கே கடையில் வருசம் முழுக்கத் திராட்சை கிடைக்கிறது. கொட்டை இல்லை, தோல் தடிப்பில்லை, வாசனையும் இல்லை. வாங்கி வந்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். நாற்றத்துக்கா ஏங்குவாள் ஒருத்தி என்று கேட்டால் ஆமாம், ஏங்குகிறேன். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாத பட்டைச் சாயம் அவர் நகக்கண்ணில் இருக்கும். அந்தக் கையால்தான் எங்களுக்குச் சோறு பிசைந்து உருட்டிக் கொடுப்பார். பாண்டியும்தான் வாங்கித் தின்றான். முதல் உருண்டை எனக்கு என்று சண்டை போட்டுத் தின்றான்.

அவனுக்குப் பள்ளிக்கூடத்தில்தான் புத்தி மாறியது. சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் இருந்த ஒரு நாள், திண்டுக்கல் பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு அப்பா அவனைக் கூப்பிடப் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்விட்டார். பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "டேய், தோல்ஷாப்பு வந்துருச்சுடா" என்று ஓடினார்கள். பாண்டியும் அவர்களோடு ஓடினான். வீட்டுக்குத் தனியாக நடந்து வந்தான். அவனை நான் குறை சொல்லவில்லை, சின்னப் பயல். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்கிறேன். வாத்தியார் கேட்டதற்கு அப்பா லெதர் கம்பெனியில் இருக்கிறார் என்றான். காலேஜில் லெதர் பிசினஸ் என்றான். பொண்ணு பார்க்கப் போனபோது லெதர் எக்ஸ்போர்ட் ஆகிவிட்டது. அப்பா வாங்காத பதவி உயர்வெல்லாம் இவன் வாயால் கொடுத்தான். பொண்ணு நிவேதா வீட்டுக்காரர்களும் எங்கள் ஆட்கள்தான். ஆனால் இரண்டு தலைமுறையாக அரசாங்க வேலை, கே.கே. நகரில் சொந்த வீடு. அவர்கள் கேட்கவே இல்லை, இவனாகச் சொன்னான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மிக்சரைத் தின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அப்பா என் காலை மிதித்தார்.

இப்போது பாண்டிக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. ஆயில்ய நட்சத்திரம். அதில் இவன் பிறந்த பாதத்துக்கு 'டே' என்கிற எழுத்தில் பேர் வைக்க வேண்டுமாம். 'டே' என்று ஆரம்பித்தால் எங்கள் ஊரில் பிள்ளையைக் கூப்பிடுகிறார்களா, சண்டைக்கு இழுக்கிறார்களா என்று யாருக்கும் தெரியாது. பாண்டி வீடியோ கால் போட்டான். நான் இல்லத்துக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏக்கா, டேல ஒரு பேரு சொல்லு. நெட்ல தேடித் தேடி மண்ட காயுது."

"எதுக்குடா தேடுற? அப்பா பேரு இருக்குல்ல. பேரனுக்குத்தான தாத்தா பேரு."

"போக்கா. நிவேதா எப்படி மாமனார் பேரச் சொல்லிப் புள்ளைய அதட்டுவா? 'டேய் சோலைமலை, பாய்ல ஒண்ணுக்குப் போகாதடா'ங்கவா? அப்பா இங்கன ஹால்லதான் உக்காந்திருக்காரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் அதற்கும் எங்கள் ஊரில் வழி இருக்கிறது.

"அதுக்குத்தாண்டா வீட்டுல கூப்பிட வேற பேரு வைக்கிறது. சாமின்னு கூப்பிடுங்க, தங்கம்னு கூப்பிடுங்க. சர்டிபிகேட்ல அப்பா பேர எழுது."

"சோலைமலைன்னு ஒருத்தன் இந்தக் காலத்து ஸ்கூல்ல போய் நின்னா என்னாகும்னு தெரியாதா ஒனக்கு?"

"என்னாகும்? எனக்கு இங்க தெனம் அந்தப் பேருதான். ஒண்ணும் ஆகல."

"நீ அங்க இருக்கக்கா. அங்க நம்ம பேரு எல்லாமே அவங்களுக்கு ஒண்ணுதான். இங்க அப்படியா?"

அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால் டேனர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். எங்கள் இல்லத்தில் குழாய், கதவு, பல்பு எல்லாவற்றையும் ரிப்பேர் பார்க்கும் ஆள். ஆறடிக்கு மேல் இருப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கையை நீட்டி, "டேனர்" என்றார். எனக்கு அது 'டின்னர்' என்று காதில் விழுந்தது. "தேங்க்யூ, நான் சாப்பிட்டேன்" என்றேன். இன்றைக்கும் மத்தியானம் ஆனால் என்னைப் பார்த்து, "சாப்பிட்டாயா?" என்று வயிற்றைத் தடவிக் காட்டுவார். அவருடைய சொந்தப் பேர் கிரஹாம். அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை.

"யாருக்கா அது?" என்றான் பாண்டி.

"டேனர். இங்க ரிப்பேர் வேல பாக்குறாரு."

"என்ன பேரு? டேனரா? டே...னர்." அவன் முகத்தில் பல்பு எரிந்தது.

"அது அவரு குடும்பப் பேருடா. ஆளு பேரு வேற."

கொஞ்ச நேரம் போனைத் தடவிவிட்டு, "இருக்கட்டும்க்கா. வெளிநாட்டுல இப்பக் குடும்பப் பேரத்தான் ஆம்பளப் புள்ளைக்கு மொதப் பேரா வைக்கிறாங்களாம். அதான் ட்ரெண்டாம்" என்றான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே குடும்பப் பேர் என்பது தாத்தாவிலிருந்து பேரனுக்கு, அவன் பேரனுக்கு என்று தானாக இறங்கி வந்துவிடும். யாரும் கஷ்டப்பட்டுக் காப்பாற்ற வேண்டியதில்லை. நமக்கு அப்படி இல்லை. நமக்கு இருப்பது ஒரு இனிஷியல். பாண்டிக்கு முன்னால் 'எஸ்' இருக்கிறது, அதுதான் சோலைமலை. அவன் மகனுக்கு முன்னால் 'பி' வரும், பாண்டி. ஒரே பிறப்பில் சோலைமலை காணாமல் போய்விடுவார். அவரைத் திரும்பக் கொண்டுவர நம்மவர்கள் வைத்திருந்த ஒரே வழி, பேரனுக்கு அவர் பேரை வைப்பது. பேரன் என்ற வார்த்தைக்கே அதுதான் அர்த்தம். நான் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதற்குப் பதிலாக எவரோ ஒருவரின் கொள்ளுத் தாத்தா பேரைக் கொண்டு வந்து எங்கள் தொட்டிலில் போட்டான்.

எங்கள் பக்கம் தொட்டிலில் போட்டுப் பேர் வைக்கும்போது, அத்தைதான் பிள்ளையின் காதில் மூன்று தரம் பேரைச் சொல்ல வேண்டும். நான் இங்கே இருக்கிறேன். அதனால் போனைத் தொட்டிலில் பிள்ளையின் தலைமாட்டில் வைத்தார்கள். இங்கே விடிந்தும் விடியாத நேரம். வேலைக்குப் போகிற உடுப்போடு, பேர் அட்டையைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனில் மண்டபத்து மின்விசிறி தெரிந்தது, வாடகை ஜிகினாத் துணி தெரிந்தது, பிள்ளையின் ஒரு காது தெரிந்தது. பூனைக்குட்டிக் காது மாதிரி. தூக்கிப் பார்க்காத பிள்ளை. வாசனை தெரியாத பிள்ளை. அவனுக்கு என்னிடமிருந்து போகப் போவது இந்த ஒரு சொல்தான்.

"அக்கா, டேனர்னு மூணு தடவ சொல்லு. சத்தமாச் சொல்லு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்" என்றான் பாண்டி.

நான் சொன்னேன். "சோலைமலை. சோலைமலை. சோலைமலை."

யோசித்துத் திட்டம் போட்டுச் சொன்னேன் என்று குரூப்பில் எழுதியிருக்கிறான். இல்லை. வாய் அப்படித்தான் போனது. பிறகு நிவேதாவின் அம்மா கேட்டது தெளிவாகக் கேட்டது. பாவம், மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"யாரு சோலைமலை? ஒங்க குலசாமி பேருங்களா?"

சம்பந்தம் பண்ணியிருக்கிறார்கள். ஒரே ஹாலில் உட்கார்ந்து எத்தனையோ தடவை காப்பி குடித்திருக்கிறார்கள். சம்பந்தியின் பேர் தெரியாது. ஏனென்றால் கல்யாணப் பத்திரிகையிலேயே 'எஸ். பாண்டியராஜன்' என்றுதான் அடித்தான். கேட்டால், இட நெருக்கடி என்றான். போனை யாரோ எடுத்தார்கள், அதில் முன் வரிசை ஒரு ஓரமாகத் தெரிந்தது. அப்பா புது வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி கையைத் தூக்கினார்.

"நாந்தாங்க அது" என்றார்.

அத்தோடு பாண்டி போனை அணைத்துவிட்டான்.

அன்று வேலையில் எனக்குக் கை ஓடவில்லை. டேனர் வந்து வழக்கம்போல வயிற்றைத் தடவிக் காட்டினார். நான் சிரிக்கவில்லை. என்ன என்றார். என் தம்பி தன் மகனுக்கு உங்கள் பேரை வைத்திருக்கிறான் என்றேன். "கிரஹாமா?" என்றார். இல்லை, டேனர் என்றேன். அந்த மனிதர் ஏணியைக் கீழே வைத்துவிட்டார். "அது என் பேர் இல்லையே, அது எங்கள் எல்லாருடைய பேர்" என்றார். அப்புறம் சந்தோசப்பட்டார், அப்புறம் சிரித்தார். "அர்த்தம் தெரியுமா உன் தம்பிக்கு?" என்றார். எனக்கே தெரியாது என்றேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. என் இங்கிலீஷும் அவ்வளவுதான். தன் பெல்ட்டைத் தொட்டுக் காட்டினார். பெல்ட்டா என்றேன். இல்லை என்று தலையாட்டி, மாடு மாதிரிக் கத்தினார், உரிப்பது போலக் கையை இழுத்தார், தண்ணீரில் முக்குவது போலக் காட்டினார். எப்போதோ அவருடைய முன்னோர் யாரோ பார்த்த வேலையாம். கடைசியில் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

அந்த இரண்டு விரலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பாண்டியின் பள்ளிக்கூட வாசலில் மூக்கைப் பிடித்த அதே விரல். ஆனால் இவர் தன் சொந்தப் பேரைச் சொல்லி மூக்கைப் பிடிக்கிறார், சிரிக்கிறார், பிறகு அதே பேரைச் சட்டையில் குத்திக்கொண்டு பல்பு மாட்டப் போகிறார். "எங்க அப்பா டேனர்" என்றேன் நான். அவருக்குப் புரியவில்லை. "இல்லை, எங்க அப்பாதான் டேனர்" என்றார் விளையாட்டாக. விட்டுவிட்டேன்.

மறுநாள் அப்பாவுக்குப் போன் போட்டேன். பாண்டி ஆபீஸ் போயிருந்தான். பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது.

"அப்பா, டேனர்னா என்னன்னு தெரியுமா?"

"என்னமோ வெள்ளக்காரன் பேருன்னு ஒந்தம்பி சொன்னான்த்தா."

"தோலு பதப்படுத்துறவன்னு அர்த்தம்ப்பா. தோல்ஷாப்புக்காரன்."

போனில் ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். அவர் சிரிக்கிறார். அப்படி அவர் சிரித்து நான் கேட்டு எவ்வளவோ காலம் ஆகிறது.

"அட கூறுகெட்ட பயலே! அப்ப எம்பேரத்தான வச்சிருக்கான்! ஆரப்பாளையமே என்னைய அப்படித்தான கூப்பிட்டுச்சு."

"சிரிக்காதீங்கப்பா. அவனுக்குச் சொல்லவா?"

"வேணாம்த்தா." சிரிப்பு நின்றுவிட்டது. "சொன்னா அதையும் மாத்திப்புடுவான்."

அந்தச் சொல்தான் என்னை எழுத வைத்தது. அதில் கோபம் இல்லை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு காலியாக இருப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகினவர் குரல் அது. அப்பா சொல்லாதே என்றார்; நான் சொல்லிவிட்டேன். அவர் இனி என்னை மிதிக்க முடியாது, என் கால் எட்டாத தூரத்தில் இருக்கிறது.

நிவேதா மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். 'மதினி, காதில் விழுந்தது விழுந்ததுதான். டேனர் என்றால் திரும்ப மாட்டேன் என்கிறான். மாமா தூக்கினால்தான் அழுகையை நிறுத்துகிறான்' என்று. பிள்ளைக்கு இன்னும் எந்தப் பேருக்கும் திரும்புகிற வயசு ஆகவில்லை, எனக்கும் தெரியும். இருந்தாலும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இங்கே நான் குளிரில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், நெஞ்சில் சோலைமலை என்று எழுதியிருக்கிறது, படிக்கிற யாருக்கும் அது ஒரு மலை என்றுகூடத் தெரியாது. அங்கே மலையும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், பேரைச் சொல்லத்தான் வாய் இல்லை. அவர் மடியில் கிடக்கிற பிள்ளை அவருடைய வேலையைப் பேராக வைத்துக்கொண்டு தூங்குகிறது, பெற்றவனுக்கு அது தெரியாது.

இப்போது தெரிந்துவிட்டது. பாண்டி, பேரை மாற்றாதே. டேனர் என்றே இருக்கட்டும், அப்பா சிரித்த பேர் அது. அழகர்கோவிலில் பிள்ளைக்கு முடியெடுத்துக் காது குத்துகிறாய் அல்லவா, அதற்கு நான் வாரேன். லீவு சொல்லியாகிவிட்டது. மண்டபத்தில் மைக் இருக்கும். உன் மாமனார், மாமியார், உன் ஆபீஸ் ஆட்கள், நம் எழுமலைச் சொந்தம் எல்லாரும் இருப்பார்கள். என்னைப் பதில் சொல்லச் சொன்னாய், சொல்லிவிட்டேன். இனி உன் முறை. உன் மாமியார் அன்றைக்குக் கேட்டதை நான் திரும்பக் கேட்பேன். இந்தத் தடவை அப்பா கையைத் தூக்கக் கூடாது. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நீ மைக்கைப் பிடித்துச் சொல்ல வேண்டும். அவர் என்ன வேலை பார்த்தார், உன் மகன் பேருக்கு என்ன அர்த்தம், எல்லாம் சொல்ல வேண்டும். சொல்லுடா. யார் சோலைமலை?